பல் முளைக்கும் குழந்தை: எது பல்லின் வேலை, எது இல்லை

கன்னியாகுமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம், அருமனை பக்கத்தில் ஆறேழு மாதக் குழந்தை இருக்கும் வீட்டில் எது நடந்தாலும் அதற்கு ஒரே பதில் தயாராக இருக்கும். உடம்பு சுட்டால் பல்லு வருது. வயிறு போனால் பல்லு வருது. ராத்திரி தூங்காமல் அழுதாலும் பல்லுதான். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இதே பேச்சு மலையாளத்தில் நடக்கும். 1956 நவம்பர் 1 வரை இரு பக்கமும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்த ஊர்கள். குழந்தை வளர்ப்பில் பாட்டிமார் வைத்தியமும் நம்பிக்கையும் இன்றும் பெரும்பாலும் ஒன்றேதான்.

முதல் குழந்தையை வைத்துக்கொண்டு, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். பல் முளைப்பது நோய் அல்ல. குழந்தையைச் சிணுங்க வைக்கும், எச்சில் வடிய வைக்கும், கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்க வைக்கும். கடும் காய்ச்சலையோ வயிற்றுப்போக்கையோ அது கொண்டுவராது. இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய காரணம் ஒன்றுதான்: பல் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தால், உண்மையான நோய்க்கு வைத்தியம் தாமதமாகிவிடும்.

ஈறுக்குள் என்ன நடக்கிறது

பால்பற்கள் மொத்தம் 20. மேலே பத்து, கீழே பத்து. கருவுக்கு ஆறு வாரம் ஆகும்போதே பல்லின் முளை தாடையில் தோன்றிவிடும். நான்காம் மாதவாக்கில் அது கெட்டிப்படத் தொடங்கும். குழந்தை பிறக்கும்போது இருபதும் பாதி உருவான நிலையில் தாடை எலும்புக்குள் இருக்கும்.

பல் ஈறைக் குத்திக் கிழித்துக்கொண்டு வருவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். அதனால்தான் இவ்வளவு பயம். நடப்பது வேறு. முளைக்கும் பல்லைச் சுற்றி மெல்லிய பை ஒன்று இருக்கிறது. அதன் தூண்டுதலால் பல்லுக்கு மேலே இருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வழிவிடும். அதற்கு மேலுள்ள ஈறும் மெலிந்து விலகும். பல் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்னால் அந்த இடம் சற்று வீங்கி, சிவந்து, தினவெடுக்கும். குழந்தை படும் அவஸ்தை இந்தத் தினவும் இலேசான வலியும்தான்.

சில குழந்தைகளுக்குப் பல் வரப்போகும் இடத்தில் நீலமாக ஒரு சின்னக் கொப்புளம் தெரியும். பார்க்கப் பயமாக இருந்தாலும் ஆபத்தில்லை. பல் மேலே வரும்போது தானாக உடைந்து போகும். ஊசியால் குத்த வேண்டாம்.

முதல் பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி வரும். நாலாம் மாதத்திலேயே வந்த குழந்தையும் உண்டு, முதல் பிறந்தநாள் வரை பொக்கை வாயோடு சிரித்த குழந்தையும் உண்டு. இரண்டுமே இயல்புதான். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தாமதமாக வந்திருந்தால் பிள்ளைக்கும் அப்படியே வரலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலில் கீழ் முன்பற்கள் இரண்டும் 6 முதல் 10 மாதத்துக்குள் வரும். அடுத்து மேல் முன்பற்கள், பிறகு அவற்றின் இரு பக்கத்திலும் உள்ளவை. முதல் கடைவாய்ப்பல் 13 முதல் 19 மாதத்துக்குள் வரும். அதற்குப் பின்னால்தான் கோரைப்பல். கடைசிக் கடைவாய்ப்பற்கள் இரண்டு வயதை ஒட்டித் தொடங்கி, மூன்று வயதுக்குள் இருபதும் நிறைந்துவிடும். முன்பல்லுக்கு ஒன்றும் சிரமப்படாத குழந்தை கடைவாய்ப்பல்லுக்கு அதிகம் சிணுங்குவது உண்டு. அந்தப் பல் அகலமானது, ஈறும் அங்கே அகலமாக வீங்கும்.

மேல் பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இதைக் கேட்டு மனம் உடைந்துபோன இளம் தாய்மார் உண்டு. பல் வரும் வரிசை குழந்தைக்குக் குழந்தை மாறும். மேல் பல் முந்துவதால் குழந்தைக்கும் கெடுதல் இல்லை, மாமனுக்கும் இல்லை. அந்தப் பேச்சை அன்போடு, ஆனால் உறுதியாக, அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பிறக்கும்போதே பல்லோடு பிறக்கும் குழந்தையும் அபூர்வமாக உண்டு. இரண்டாயிரம் மூவாயிரம் பிரசவத்துக்கு ஒன்று என்ற அளவில் நடக்கும். அந்தப் பல் ஆடிக்கொண்டிருந்தால் கழன்று தொண்டைக்குள் போகக்கூடும் என்பதால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதிலும் சகுனம் ஒன்றும் இல்லை.

வாயைப் பார்க்கும் விதம்

"பல்லு வருது" என்று சொல்வதற்கு முன்னால் வாயைத் திறந்து பாருங்கள். பலரும் இதைச் செய்வதே இல்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையின் தலை உங்கள் தொடையில் இருக்கும்படி, கால் உங்களைவிட்டு எதிர்ப்பக்கம் போகும்படி மல்லாக்கப் படுக்க வையுங்கள். வாசல் வெளிச்சம் வாயில் விழட்டும். கீழ் உதட்டைக் கட்டைவிரலால் மெல்ல இறக்கினால் ஈறு முழுக்கத் தெரியும். சும்மா இருக்கும் ஈறு வழுவழுப்பாக, ஒரே இளஞ்சிவப்பாக இருக்கும். பல் வரப்போகும் இடம் சற்றுப் புடைத்து, சிவந்து, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மங்கலாகத் தெரியும். ஆள்காட்டி விரலின் நுனியால் அந்த மேட்டைத் தடவினால் உள்ளே கெட்டியாக ஒன்று தட்டுப்படும். சில்வர் டம்ளர் விளிம்பிலோ ஸ்பூனிலோ 'டிக்' என்று சத்தம் கேட்டால் பல் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஈறு இப்படி எதுவும் காட்டவில்லை, ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறது என்றால், காரணத்தை வேறெங்காவதுதான் தேட வேண்டும்.

எது பல்லால் வருவது

2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 125 குழந்தைகளின் பெற்றோர் தினமும் காய்ச்சல் பார்த்து, குழந்தையின் ஒவ்வொரு தொந்தரவையும் எழுதி வைத்தார்கள். பல் வெளியே தெரிவதற்கு நாலு நாள் முன்னால் தொடங்கி, தெரிந்த பிறகு மூன்று நாள் வரை, பல் தெரிந்த நாளையும் சேர்த்து ஆக எட்டு நாள்தான் பல்லின் தொந்தரவு இருந்தது. அந்த நாட்களில் கூடியவை கடித்தல், எச்சில், ஈறைத் தேய்த்தல், எரிச்சல், காதைத் தேய்த்தல், முகத்தில் சின்னத் தடிப்பு, கஞ்சி போன்ற கெட்டி உணவில் விருப்பக் குறைவு, உடம்பில் இலேசான சூடு. வயிற்றுப்போக்கு, வாந்தி, இருமல், மூக்கடைப்பு, கடும் காய்ச்சல் ஆகியவை பல்லோடு சேர்ந்து வரவில்லை.

அந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் பட்டது சாப்பாடு பற்றியது. பல் வரும் குழந்தை கஞ்சியை, குறுக்கை (மாவைக் கெட்டியாகக் காய்ச்சிய கூழை) வேண்டாம் என்று தள்ளும். பாலைத் தள்ளாது. தாய்ப்பாலையே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பும் குழந்தைக்கு வேறு ஏதோ கோளாறு இருக்கிறது.

இலேசான சூடு என்றால் எவ்வளவு? தொட்டுப் பார்த்துச் சொல்லக் கூடாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 99 அல்லது 100 டிகிரி வரை சூடு தெரிந்து, குழந்தை விளையாடிக்கொண்டு பால் குடித்தால் பயமில்லை. 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால் அது காய்ச்சல், அதைப் பல் மேல் போடக் கூடாது. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு இந்த அளவு வந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எச்சிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் மாதத்தில் சட்டை நனைய எச்சில் வடியும், கை எப்போதும் வாயில் இருக்கும். உடனே பல் வருகிறது என்பார்கள். அந்த வயதில் எச்சில் சுரப்பிகள் நன்றாக வேலை செய்யத் தொடங்குகின்றன, ஆனால் அதை விழுங்கக் குழந்தை இன்னும் பழகவில்லை. வாயால்தான் அது உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. பல் வருவதற்கு இன்னும் பல மாதம் இருக்கலாம்.

ஏன் இந்தக் குழப்பம் வருகிறது

நம் பாட்டிமார் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார்கள். பல் முளைக்கும் காலத்தில் குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வருவது உண்மைதான். இரண்டும் ஒரே வயதில் நடக்கின்றன, அவ்வளவுதான்.

கருவில் இருக்கும்போது தாயிடமிருந்து குழந்தைக்குக் கிடைத்த எதிர்ப்பு சக்தி ஆறாம் மாதவாக்கில் நன்றாகக் குறைந்துவிடும். குழந்தையின் சொந்த எதிர்ப்பு சக்தி அப்போதுதான் வளர்ந்துகொண்டிருக்கும். சரியாக அந்தச் சமயத்தில்தான் சோறு கொடுக்கும் சடங்கு நடத்தி, தாய்ப்பாலோடு வேறு உணவும் தண்ணீரும் கொடுக்கத் தொடங்குகிறோம். கிண்ணம், ஸ்பூன், தண்ணீர், கை என்று கிருமி உள்ளே போக வழிகள் கூடும். குழந்தை தவழத் தொடங்கி, தரையில் கிடப்பதை எடுத்து வாயில் வைக்கும். ஈறு தினவெடுப்பதால் இன்னும் அதிகமாக வைக்கும். வயிற்றுப்போக்கு வருவது இந்த வழியாகத்தான். அதே மாதத்தில் பல்லும் தெரிவதால் பழி அதன் மேல் விழுகிறது.

நடுவாசலில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்.

"மாமி, பிள்ளைக்கு காலத்த இருந்து நாலு தடவ வயிறு போச்சு. ஆஸ்பத்திரிக்கு கொண்டு போவமா?"

"ஒண்ணும் இல்ல மக்களே, பல்லு வருதுல்லா. அதுக்குத்தான் வயிறு எளகுது."

மாமி அன்போடுதான் சொல்கிறார். ஆனால் நாலு தடவை தண்ணீராகப் போன ஆறு மாதக் குழந்தையின் உடம்பில் நீர் எவ்வளவு வேகமாக வற்றும் என்பதை அந்த ஆறுதல் மறைத்துவிடுகிறது. இந்தக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தாமல் அடிக்கடி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவை போன பிறகும் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசல் 50 முதல் 100 மில்லி வரை, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டை டம்ளரில் கலக்குவது தவறு. மருத்துவர் துத்தநாக (ஜிங்க்) மருந்தும் தருவார். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10, பதினாலு நாள். பேதி நின்ற பிறகும் பதினாலு நாளையும் முடிக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

பல்லைக் குற்றவாளியாக்கும் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1839இல் 5,016 குழந்தைகள் இறந்ததற்குக் காரணம் 'பல் முளைத்தது' என்று அரசுப் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். ஈறைக் கத்தியால் கீறிவிடும் வைத்தியம் ஐரோப்பாவில் நூற்றாண்டுகள் நடந்தது. பாதரசம் கலந்த பல் பொடியைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். கைகால் சிவந்து தோல் உரியும் ஒரு கொடிய நோய் அதனால் வந்தது. 1954இல் அந்தப் பொடிகளிலிருந்து பாதரசத்தை எடுத்த பிறகு அந்த நோயும் மறைந்துபோனது. பல்லுக்கு என்று கொடுத்த மருந்துதான் அங்கே குழந்தைகளைக் கொன்றது. இன்று கடையில் கிடைப்பதை வாங்குவதற்கு முன்னால் இந்தக் கதையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

குழந்தைக்கு என்ன செய்யலாம்

மருந்து இல்லாத வழிகளே போதும், அவைதான் நன்றாக வேலையும் செய்கின்றன. கழுவிய விரலால் ஈறைச் சற்று அழுத்தி ஒன்றிரண்டு நிமிடம் தேய்த்துவிடுங்கள். அந்த அழுத்தம் தினவை அடக்கும். குழந்தை உங்கள் விரலைப் பிடித்துத் தானே கடிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும், அதைக் கவனித்தால் எந்தப் பல் வருகிறது என்பது தெரிந்துவிடும்.

சுத்தமான பருத்தித் துணியைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒரு முனையில் முடிச்சுப் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் கொஞ்ச நேரம் வைத்துக் கொடுக்கலாம். ஃப்ரீஸரில் வைக்கக் கூடாது. உறைந்த பொருள் ஈறைப் புண்ணாக்கும். ரப்பர் கடிப்பான் வாங்குவதாக இருந்தால் உள்ளே தண்ணீர் நிரப்பியது வேண்டாம். ஒரே துண்டாக, உடையாத, பிய்யாத, தொண்டைக்குள் போகாத அளவுள்ளதாக இருக்கட்டும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டக் கூடாது.

ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குச் சாப்பாட்டிலும் ஆறுதல் கிடைக்கும். நம் மாவட்டத்துக்கே உரிய மட்டிப்பழத்தை மசித்துக் கொடுக்கலாம். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழத்தைக் குழந்தைக்கு முதல் பழமாகக் கொடுக்கும் வழக்கம் இங்கே எத்தனையோ காலமாக இருக்கிறது. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) பொடியில் செய்த குறுக்கு, கேப்பைக் குறுக்கு, அங்கன்வாடி சத்துமாவு, எல்லை தாண்டினால் அங்கன்வாடியில் தரும் அமிர்தம் பொடி, எதுவானாலும் கொதிக்கக் கொதிக்கக் கொடுக்காமல் நன்றாக ஆறவிட்டுக் கொடுங்கள். ஆறிய உணவை வீங்கிய ஈறு ஏற்கும். இரண்டு நாள் சாப்பாடு குறைந்தால் கவலைப்பட வேண்டாம், பாலைக் கூட்டுங்கள்.

கடிக்கட்டும் என்று பச்சைக் கேரட், முறுக்கு, ஏத்தங்காய் சிப்ஸ், காய்ந்த பனங்கிழங்கு எதையும் கையில் கொடுக்காதீர்கள். முன்பல்லால் ஒரு துண்டு உடைக்கக் குழந்தைக்குத் தெரியும், அதை மெல்ல கடைவாய்ப்பல் இன்னும் வரவில்லை. அந்தத் துண்டு மூச்சுக்குழாயில் சிக்கினால் நிமிடத்தில் உயிர் போகும்.

எச்சில் வடியும் தாடைக்கும் கழுத்து மடிப்புக்கும் தனிக் கவனம் வேண்டும், முக்கியமாக நம் ஊரில். இங்கே ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. துவைத்த துணி சரியாகக் காயாது. ஈரம் ஊறிய துணியே தாடையில் உரசிக்கொண்டிருந்தால் தோல் சிவந்து, மடிப்பில் பூஞ்சையும் பிடிக்கும். எச்சிலைத் தேய்த்துத் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவினால் எச்சில் தோலில் ஒட்டாது. நெஞ்சில் கட்டும் துணியை நனைந்தவுடன் மாற்றுங்கள். பவுடர் வேண்டாம்.

பால் குடிக்கும்போது கடித்தால் தாய்க்கு உயிர் போகும் வலி. "பல்லு வந்தாச்சு, இனி பாலை நிறுத்திடு" என்று யாராவது சொல்வார்கள். நிறுத்தத் தேவையில்லை. குழந்தை சப்பிக் குடிக்கும்போது அதன் நாக்கு கீழ்ப்பல்லின் மேல் படர்ந்திருக்கும், அப்போது அதால் கடிக்க முடியாது. பசி தீர்ந்து விளையாடத் தொடங்கும்போதுதான் கடிக்கும். சப்புவது நின்று தாடை இறுகுவதைக் கவனித்தால், அந்த நொடியில் சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்து எடுத்துவிடலாம். கடித்துவிட்டால் வெடுக்கென்று இழுக்காமல், குழந்தையின் முகத்தை மார்போடு இன்னும் சேர்த்து அணையுங்கள். மூச்சு விட வாயைத் திறக்கும். பால் கொடுப்பதற்கு முன்னால் ஈறைத் தேய்த்துவிடுவதும் உதவும். கொஞ்ச நாளில் குழந்தை தானே பழகிக்கொள்ளும்.

எது வேண்டாம்

மார்த்தாண்டம் தேன் நமக்குப் பெருமைதான். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, ஈறில் தடவவும் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனிலும் பாட்டுலிசம் என்னும் நோயைக் கொண்டுவரும் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும். குழந்தையின் குடலில் அது வளர்ந்து நஞ்சைச் சுரக்கும். கைகால் தளர்ந்து, மூச்சுத் தசையும் தளரும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியவர்களின் பல்வலிக்கு கிராம்பு எண்ணெய் நல்லது. குழந்தையின் ஈறை அது பொசுக்கும். விழுங்கினால் ஈரலுக்கு ஆபத்து.

வசம்பு பற்றிச் சொன்னால் பாட்டிமாருக்கு வருத்தமாக இருக்கும். விளக்கில் சுட்டு உரைத்துக் கொடுப்பது, வசம்பு வளையல் போட்டுக் கடிக்க விடுவது இரண்டும் இரு பக்கமும் உள்ள வழக்கம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அது உடம்புக்குக் கேடு என்று கண்டு 1968இலேயே அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தார்கள். குழந்தைக்கு வாந்தி வரும், வளையலிலிருந்து பிய்ந்த துண்டு தொண்டையில் சிக்கும். பாட்டியிடம் வாதம் செய்து மனத்தாங்கல் வேண்டாம். "டாக்டர் வாயில எதுவும் வைக்கப்பிடாதுன்னு சொல்லியிருக்காரு பாட்டி, நீங்க ஈறைத் தேச்சு விடுங்க" என்று வேலையை மாற்றிக் கொடுங்கள். அவர்கள் கைப்பக்குவம் அதற்கு நன்றாகவே பொருந்தும்.

மருந்துக் கடையில் கிடைக்கும் மரத்துப்போகச் செய்யும் ஜெல்லும் வேண்டாம். பென்சோகெயின் உள்ள ஜெல்லை இரண்டு வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுக்கக்கூடும். இதே வகை ஜெல்களில் சேர்க்கும் இன்னொரு மருந்தான லிக்னோகெயின் அளவு கூடினால் வலிப்பு வரும். வாய்ப்புண்ணுக்கு விற்கும் பல ஜெல்களில் உள்ள கோலின் சாலிசிலேட்டை 16 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று பிரிட்டனில் 2009இல் நிறுத்திவிட்டார்கள். எச்சில் வடியும் வாயில் ஜெல் ஈறில் நிற்பதும் இல்லை, நிமிடத்தில் வயிற்றுக்குள் போய்விடும்.

வலி அதிகமாகிக் குழந்தை தூங்கவே முடியாமல் அழுதால் பாராசிட்டமால் கொடுக்கலாம். ஆனால் மருத்துவர் எடை பார்த்துச் சொன்ன அளவில் மட்டும். எல்லையோர வீடுகளில் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் டாக்டரைப் பார்த்துவிட்டு, மருந்தைக் குழித்துறையில் வாங்குவோம். சீட்டில் இருந்த பெயர் கடையில் இல்லை என்று வேறு கம்பெனி மருந்து வரும். பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஒரு வகை 5 மில்லிக்கு 120 அல்லது 125, இன்னொரு வகை 5 மில்லிக்கு 250. அதாவது சொட்டு மருந்து இலேசான சிரப்பைவிட நாலு மடங்கு வீரியம். "அந்தப் பிள்ளைக்கு அஞ்சு மில்லி கொடுத்தோம்" என்ற பக்கத்து வீட்டுக் கணக்கு இங்கே ஈரலைக் கெடுக்கும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்து, சீட்டோடு ஒத்துப் பார்த்து, கடைக்காரரிடமும் ஒருமுறை கேட்டுவிட்டு, பாட்டிலோடு வந்த அளவுக் குழாயிலேயே ஊற்றிக் கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைக்கு ஒருபோதும் கூடாது.

எப்போது கிளம்ப வேண்டும்

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பால் குடிக்க மறுத்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வயிற்றுப்போக்கில் இரத்தம் தெரிந்தால், காதிலிருந்து சீழ் வந்தால் அன்றே காட்டுங்கள். காதை இழுப்பது பல்லாலும் இருக்கலாம், ஆனால் காய்ச்சலும் சேர்ந்தால் காதுக்குள் சீழ் பிடித்திருக்க வாய்ப்பு உண்டு. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, அழும்போது கண்ணீர் வரவில்லை, கூப்பிட்டால் கண் விழிக்காமல் துவண்டு கிடக்கிறது என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. தக்கலை அரசு மருத்துவமனையோ, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே கொண்டுபோங்கள். 108க்கு அழைத்தால் இரு மாநிலத்திலும் ஆம்புலன்ஸ் வரும்.

ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட வரவில்லை என்றால் பல் மருத்துவரையும் குழந்தை மருத்துவரையும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு, வைட்டமின் டி குறைவு போன்றவை காரணமாக இருந்தால் சரிசெய்ய முடியும்.

முதல் பல் வந்த மறுநாள்

பால்பல் விழப்போகிறதுதானே என்று விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் ஆறு வயதில் தொடங்கி முளைக்கும் நிலையான பல்லுக்காக இடத்தைக் காத்து வைப்பது அதுதான். கடைவாய்ப் பால்பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டும். அது சொத்தையாகிச் சீழ் பிடித்தால் பிள்ளை சாப்பிடாது, தூங்காது.

அதனால் முதல் பல் வந்தவுடனே காலையிலும் ராத்திரி படுக்கும் முன்னும் துலக்கிவிடத் தொடங்குங்கள். குழந்தைக்கென்று விற்கும் மென்மையான பிரஷ், அதில் ஃப்ளூரைடு உள்ள பற்பசை ஓர் அரிசி மணி அளவு போதும். பால் பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்க விடாதீர்கள், கற்கண்டுத் தண்ணீர் கொடுத்துத் தூங்க வைக்காதீர்கள். முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆசாரிப்பள்ளத்துக்கோ தக்கலைக்கோ தடுப்பூசிக்கோ வேறு காரியத்துக்கோ போகும் நாளிலேயே அதையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம்.